பணியிடப் பாதுகாப்பில் பொறுப்பேற்பு: மலேசிய, சிங்கப்பூர் வரலாற்றில் பாதுகாப்பு அதிகாரியின் இடம்

முன்னுரை

தொழிலகங்களில் நிகழும் விபத்துகளைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ‘யார் பொறுப்பு?’ என்னும் வினா முதலில் எழுகின்றது. அதற்குப் பலரும் உடனடியாகத் தரும் விடை ‘பாதுகாப்பு அதிகாரி’ என்பதாகும். கப்பல் பட்டறைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் தமிழ்த் தொழிலாளர் அவரைச் சுருக்கமாகச் ‘சேஃப்டி’ என்றே அழைப்பர். பதவியின் பெயரும் பாதுகாப்பு என்னும் பொருளும் ஒரே மனிதர்மேல் வந்து அமர்ந்துவிடுகின்றன. ஆனால், சட்டம் அப்பொறுப்பை அவர்மீது வைத்துள்ளதா என்று நோக்கின், விடை வேறாக உள்ளது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பணியிடப் பாதுகாப்புச் சட்டங்கள் வளர்ந்த வரலாற்றினூடே, பொறுப்பு யாரிடமிருந்து யாரிடம் நகர்ந்தது என்பதையும், அந்நகர்வில் பாதுகாப்பு அதிகாரி பெற்ற இடம் யாது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. பாதுகாப்பு அதிகாரிக்குச் சட்டம் கண்களைக் கொடுத்தது, கைகளைக் கொடுக்கவில்லை. ஆதலால், பணமும் காலமும் யார் கையில் உள்ளனவோ அவரிடமே பொறுப்பும் இருத்தல் வேண்டும் என்பதைப் பேரிடர்கள் ஒவ்வொன்றும் மீண்டும் மீண்டும் உணர்த்தியுள்ளன. இதுவே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

இயந்திரத்தைக் காத்த சட்டங்கள்

மலாயாவில் தொழிலகப் பாதுகாப்புச் சட்டத்தின் தொடக்கம் மனிதரிலிருந்து அன்று, கொதிகலனிலிருந்தே அமைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஈயச் சுரங்கங்களில் நீராவி இயந்திரங்கள் பெருகின. கொதிகலன் வெடித்தால் உயிரும் போகும், முதலும் போகும். எனவே, 1892இல் சிலாங்கூரில் கொதிகலன்களுக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. 1913இல் இயந்திரச் சட்டம் வந்தது. 1953இல் இயந்திரங்கள் பற்றிய அவசரச் சட்டமும், விடுதலைக்குப் பின்னர் 1967இல் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டமும் அதனைத் தொடர்ந்தன.

இவ்வரிசையில் வரும் சட்டங்களின் பெயர்களே ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றன. அவை காக்க முனைந்தது முதன்மையாக இயந்திரத்தை. இயந்திரத்தின் அருகில் நின்ற மனிதன் அதன் வழியாகவே சட்டத்தின் பார்வைக்கு வந்தான். அரசாங்க ஆய்வாளர் வந்து கொதிகலனைப் பார்ப்பார், வேலியிடப்படாத சக்கரத்தைக் குறித்துக்கொள்வார், சான்றிதழ் வழங்குவார். அவர் சென்ற மறுநாள் முதல் அடுத்த வருகை வரை அவ்விடத்தின் பாதுகாப்பை நாள்தோறும் கவனிக்கவேண்டியவர் யார் என்பதைச் சட்டம் விரிவாகப் பேசவில்லை.

இதே காலத்தில் தமிழர் பெருந்தொகையினராக உழைத்த தோட்டங்களில் வேறொரு கண்காணிப்பு முறை இயங்கியது. ‘கங்காணி’ என்னும் சொல் ‘கண்காணி’ என்பதன் திரிபே ஆகும். கங்காணி ஆள்சேர்த்தார்; வேலையை மேற்பார்த்தார்; துரைக்கும் தொழிலாளிக்கும் இடையில் நின்றார். 1938இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்ததோடு கங்காணிவழி ஆள்சேர்ப்பு முடிவுக்கு வந்தது. கங்காணி காத்தது பெரும்பாலும் தோட்டத்தின் விளைச்சலை. பாதுகாப்பு அதிகாரி காக்கவேண்டியது தொழிலாளியின் உயிரை. இருவரையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும், ஓர் ஒற்றுமையை நாம் மறுத்தல் இயலாது. இருவரும் முதலாளியிடம் ஊதியம் பெற்று இடையில் நிற்பவர்கள். தவறு நேரும்போது மேலிருந்து வரும் சினமும் கீழிருந்து வரும் குறையும் முதலில் சென்று தங்கும் இடம் அந்த இடைநிலையே ஆகும்.

ஸ்பைரோஸ், 1978

சிங்கப்பூரில் 1958ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் அவசரச் சட்டத்தின் இடத்தில் 1973இல் தொழிற்சாலைகள் சட்டம் வந்தது. ஜூரோங் தொழிற்பேட்டை விரைந்து வளர்ந்த காலம் அது. பாதுகாப்பு அதிகாரி என்னும் பதவி சட்ட வடிவம் பெற்று வளர்ந்ததும் இச்சட்டத்தின் காலத்திலேயே ஆகும்.

1978 அக்டோபர் 12ஆம் நாள், ஜூரோங் கப்பல் பட்டறையில் பழுதுபார்க்கப்பட்டுக்கொண்டிருந்த ஸ்பைரோஸ் என்னும் கிரேக்க எண்ணெய்க் கப்பலில் வெடிப்பு நிகழ்ந்தது. மதிய உணவு இடைவேளை முடிந்து தொழிலாளர் வேலைக்குத் திரும்பியிருந்த நேரம். 76 பேர் மாண்டனர். 69 பேர் காயமுற்றனர். சிங்கப்பூரின் தொழிலக வரலாற்றில் இதனை ஒத்த உயிரிழப்பு பின்னர் நேர்ந்ததில்லை.

இதனை ஆராய்ந்த விசாரணைக் குழு, கப்பலின் எரிபொருள் தொட்டியில் இருந்த எண்ணெயில் கச்சா எண்ணெய் கலந்திருந்ததையும், அதனால் எளிதில் தீப்பற்றும் ஆவி தோன்றியிருந்ததையும், உலோகம் வெட்டும் சுடர்க்கருவியினால் அது தீப்பற்றியதையும் கண்டறிந்தது. இங்கு நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. சுடரைக் கையில் பிடித்திருந்தவர் தம் வேலையைச் செய்தவர். தொட்டியினுள் என்ன இருக்கின்றது என்பதைத் தம் கண்ணால் அவர் அறிய வழியில்லை. அதனை அறிந்து சொல்லவேண்டிய ஒழுங்குமுறை ஒன்று அவருக்கு முன்னரே செயற்பட்டிருக்க வேண்டும். தீயை மூட்டிய கை எது என்பது ஒரு வினா. தீ மூளும் நிலையை நிலவவிட்டவர் யார் என்பது வேறொரு வினா. முதல் வினாவோடு நின்றுவிடுவது எளிது. இரண்டாவது வினாவே வரலாற்றை நகர்த்தியது.

ஸ்பைரோசுக்குப் பின்னர்க் கப்பல் பட்டறைகளில் ‘ஹாட் ஒர்க்’ என்று துறையினர் வழங்கும் தீப்பொறி எழும் வேலைகளுக்கு முன்னதாக வாயுச் சோதனை செய்தல், எழுத்துவழி அனுமதி பெறுதல், ஒரே கப்பலில் பல குழுக்கள் செய்யும் வேலைகளை ஒருங்கிணைத்தல் ஆகியவை வலுப்பெற்றன. பாதுகாப்பு அதிகாரியின் அன்றாட வேலை இந்த ‘பெர்மிட்’ முறையைச் சுற்றியே உருக்கொண்டது எனலாம்.

ரோபன்ஸ் அறிக்கையும் ஒரு முரணும்

இந்நாடுகளின் பிற்காலச் சட்டங்களை விளங்கிக்கொள்ள, அவற்றின் சிந்தனைக்கு ஊற்றாக விளங்கிய பிரிட்டனுக்குச் சற்றே திரும்புதல் தேவையாகின்றது. 1970இல் அமைக்கப்பட்டு 1972இல் அறிக்கை வெளியிட்ட ரோபன்ஸ் குழு, பாதுகாப்புச் சட்டங்கள் அளவுக்கு மீறிப் பெருகிச் சிதறிக் கிடக்கின்றன என்றது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு விதி என்னும் முறையை விடுத்து, ஆபத்தை உருவாக்குவோரே அதனைக் கட்டுப்படுத்தும் கடமையை ஏற்கவேண்டும் என்று அது வலியுறுத்தியது. 1974ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம் இதன் விளைவாகும்.

இவ்வறிக்கையின் பின்னே ஒரு முரண் உள்ளது. குழுவின் தலைவரான ரோபன்ஸ் பிரபு, பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியத்துக்குத் தலைமை வகித்தவர். 1966 அக்டோபர் 21ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் என்னும் ஊரில், அவ்வாரியத்தின் சுரங்கக் கழிவுக் குன்று சரிந்து பள்ளிக்கூடத்தின்மேல் விழுந்தது. 116 குழந்தைகள் உட்பட 144 பேர் இறந்தனர். 1967இல் வெளிவந்த விசாரணை மன்றத்தின் அறிக்கை வாரியத்தின்மீதே பழியைச் சுமத்தியது. ஆயினும், அதற்காக எவரும் பதவி நீக்கப்படவில்லை. எவர்மீதும் குற்ற வழக்குத் தொடுக்கப்படவில்லை. ரோபன்ஸ் முன்வைத்த பதவி விலகலும் ஏற்கப்படவில்லை.

கடமையைப் பற்றி அறிவார்ந்த கொள்கையை வகுப்பது ஒன்று. அக்கடமை தவறியபோது பதில்சொல்வது மற்றொன்று. தமிழில் ‘பொறுப்பு’ என்னும் ஒரே சொல் இவ்விரண்டையும் சுமக்கின்றது. வேலையைப் பொறுப்பெடுத்துச் செய்தலும் பொறுப்பு. பின்விளைவுக்குப் பதில்சொல்லுதலும் பொறுப்பு. பின்னதனைப் ‘பொறுப்பேற்பு’ என இக்கட்டுரை வேறுபடுத்திக் கொள்கின்றது. இவ்வேறுபாடு மறக்கப்படும் இடத்தில்தான் பாதுகாப்பு அதிகாரி சிக்கிக்கொள்கின்றார்.

மலேசியா: 1994ஆம் ஆண்டுச் சட்டம்

1991 மே 7ஆம் நாள் சிலாங்கூர், சுங்கை பூலோவில் இயங்கிய பட்டாசுத் தொழிற்சாலை ஒன்று வெடித்துச் சிதறியது. 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். 1994ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பிறப்பதற்கு உந்துதலாக அமைந்த நிகழ்வுகளுள் இது முதன்மையானதாகக் கருதப்படுகின்றது.

இச்சட்டத்தில் ரோபன்ஸ் சிந்தனையின் தாக்கம் தெளிவாகத் தெரிகின்றது. அதன் 15ஆம் பிரிவு, இயன்றவரை தம் ஊழியரின் பாதுகாப்பை உறுதிசெய்யும் கடமையை முதலாளிமீது வைத்தது. 29ஆம் பிரிவு குறிப்பிட்ட வகைத் தொழில்களில் பாதுகாப்பு, சுகாதார அதிகாரியை அமர்த்தவேண்டும் என்றது. 30ஆம் பிரிவு 40 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள இடங்களில் பாதுகாப்புக் குழு அமைக்கக் கோரியது. எந்தெந்தத் தொழில்களுக்கு அதிகாரி தேவை என்பதை 1997ஆம் ஆண்டின் ஆணை பட்டியலிட்டது. இரண்டு கோடி ரிங்கிட்டை விஞ்சும் கட்டட ஒப்பந்தங்கள், 100க்கும் மேற்பட்டோர் பணிபுரியும் கப்பல் கட்டும் தொழில், வேதிப்பொருள் தொழில், உலோகத் தொழில், மரத் தொழில் முதலியன அதில் அடங்கின. பட்டியலில் தனித்துக் கூறப்படாத பிற உற்பத்தித் தொழில்களுக்கு 500க்கும் மேற்பட்ட ஊழியர் என்பது அளவாக இருந்தது.

அதே ஆண்டு வெளிவந்த ஒழுங்குவிதிகள் அவ்வதிகாரியின் கடமைகளை வரையறுத்தன. முதலாளிக்கு ஆலோசனை கூறுதல், பணியிடத்தைப் பார்வையிடுதல், விபத்தை ஆராய்தல், பாதுகாப்புக் குழுவுக்குச் செயலாளராக இருத்தல், மாதந்தோறும் முதலாளிக்கு அறிக்கை அளித்தல் என்பன அவை. இவ்வினைச்சொற்களை மீண்டும் ஒருமுறை நோக்குவோம்: கூறுதல், பார்த்தல், ஆராய்தல், எழுதுதல். ‘நிறுத்துதல்’ என்னும் வினை அவற்றுள் இல்லை.

இப்பட்டியலில் தோட்டத் தொழில் இடம்பெறவில்லை என்பதும் குறிக்கத்தக்கது. வேளாண்மை 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் எல்லைக்குள் இருந்தது. ஆயினும், அதிகாரியை அமர்த்தும் கட்டாயம் அதற்கு நீளவில்லை. தோட்டங்களில் களைக்கொல்லி தெளிக்கும் வேலையில் தமிழ்ப் பெண்கள் நெடுங்காலமாக ஈடுபட்டிருந்தனர். பாராகுவாட் என்னும் நச்சு மருந்துக்கு மலேசியா 2002இல் தடை அறிவித்து, 2006இல் அதனைத் தளர்த்தி, 2020 ஜனவரி 1 முதலே முழுமையாகத் தடைசெய்தது. நச்சு முதுகில் தொங்கிய அவ்வேலையிடத்தில், மாதந்தோறும் அறிக்கை எழுதச் சட்டத்தால் கட்டாயப்படுத்தப்பட்ட ஒருவர்கூட இல்லை. பாதுகாப்பு அதிகாரியின் வரம்புகளைக் குறைகூறும் நாம், அவரும் இல்லாத இடத்தின் நிலையையும் மறத்தல் கூடாது.

சிங்கப்பூர்: 2004க்குப் பின்

சிங்கப்பூரில் மாற்றத்தைக் கொணர்ந்தவை 2004ஆம் ஆண்டின் மூன்று விபத்துகள். ஏப்ரல் 20ஆம் நாள் வட்ட ரயில் பாதைக்கான அகழ்வுப் பணியின்போது நிக்கல் நெடுஞ்சாலை இடிந்து நால்வர் மாண்டனர். ஏப்ரல் 29ஆம் நாள் ஃபியூஷனோபொலிஸ் கட்டுமானத் தளத்தில் கம்பிக் கட்டமைப்பு சரிந்து இருவர் இறந்தனர். மே 29ஆம் நாள் அல்முதைனா என்னும் கப்பலில் மூண்ட தீயில் எழுவர் பலியாயினர்.

இம்மூன்றனுள் நிக்கல் நெடுஞ்சாலை விபத்து நமது ஆய்வுக்கு மிகவும் இன்றியமையாதது. விசாரணைக் குழு 2005இல் அளித்த இறுதி அறிக்கை, பள்ளத்தின் பக்கச் சுவர்களைத் தாங்கிய எஃகுச் சட்டங்களின் இணைப்பு வடிவமைப்பில் அடிப்படைப் பிழைகள் இருந்தனவென்று கூறியது. அதனினும் முதன்மையானது, எச்சரிக்கைகள் இருந்தன என்பதே. சுவர் அசைவைக் காட்டிய அளவீடுகள் வரம்பை மீறியிருந்தன. அவ்வாறு மீறியபோது வேலையை நிறுத்தி மீளாராய்வதற்குப் பதிலாக வரம்புகள் திருத்தப்பட்டன, அகழ்வு தொடர்ந்தது. விபத்து நாளன்று காலையிலேயே இணைப்புகள் வளைவதும் ஓசை எழுவதும் கவனிக்கப்பட்டன. பிற்பகலில் சாலை இடிந்து விழுந்தது.

கண்கள் பார்த்தன, கருவிகள் அளந்தன, தாள்களில் எண்கள் பதிவாயின. குறைபட்டது அறிவு மட்டுமன்று. அறிந்ததன்மேல் செயற்படும் அதிகாரமும் மனமும் குறைபட்டன. வேலையை நிறுத்தினால் காலம் நீளும், செலவு கூடும். அம்முடிவை எடுக்க வல்லவர்கள் அதனை எடுக்காதவரை, எத்தனை பேர் கண்காணித்தாலும் பயனில்லை என்பதை இவ்விபத்து உணர்த்தியது.

2006 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. ஆபத்தை அதன் தோற்றுவாயிலேயே குறைத்தல், தொழில்துறையினரே பாதுகாப்புக்கு உரிமையேற்றல், பாதுகாப்பைப் புறக்கணிப்போருக்குக் கடும் தண்டனை விதித்தல் என்னும் மூன்று கொள்கைகளின்மேல் அது எழுந்தது. நிறுவனத்துக்கு முதற்குற்றத்துக்கே ஐந்து லட்சம் வெள்ளி வரையிலான அபராதத்துக்கு வகைசெய்யப்பட்டது. நிறுவனம் இழைத்த குற்றத்துக்கு அதன் இயக்குநர்களும் மேலாளர்களும் தாம் உரிய கவனம் செலுத்தியதை மெய்ப்பிக்காவிடில் பதில்சொல்ல வேண்டியவராயினர். 2011 செப்டம்பர் முதல் இச்சட்டம் எல்லா வேலையிடங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

இச்சட்டத்தின்கீழ் 2007இல் வந்த ஒழுங்குவிதிகளிலும் பாதுகாப்பு அதிகாரியின் கடமை உதவுதல், பரிந்துரைத்தல் என்னும் எல்லைக்குள்ளேயே அமைந்தது. கட்டுமானத் தளங்களுக்கான விதிகளோ ஒரு தெளிவைத் தந்தன. ஆபத்தான வேலைக்கு மேற்பார்வையாளர் அனுமதி கோருவார். பாதுகாப்பு மதிப்பீட்டாளர் இடத்தைப் பார்த்து மதிப்பிடுவார். அனுமதியை வழங்குபவர் திட்ட மேலாளர். கையொப்பம் இடும் பேனா, காலத்தையும் செலவையும் ஆள்பவர் கையிலேயே வைக்கப்பட்டது. இதனை ஓர் எழுத்தர் நடைமுறை என்று எண்ணிவிடுதல் கூடாது. பொறுப்பேற்பு யாரிடம் உள்ளது என்பதைச் சட்டம் ஒரு தாளில் வரைந்து காட்டிய இடம் அது.

அண்மைக்கால நகர்வுகள்

பொறுப்பு மேல்நோக்கி நகரும் போக்கு அதன்பின்னரும் தொடர்ந்துள்ளது. சிங்கப்பூரில் 2022இல் வேலையிட மரணங்கள் 46ஆக உயர்ந்தபோது, அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் 2023 மே 31 வரை உயர்விழிப்புக் காலம் நடைமுறைப்படுத்தப்பட்டது. நிறுவனத் தலைமை நிர்வாகிகளுக்கும் இயக்குநர் வாரியத்துக்கும் உரிய பாதுகாப்புக் கடமைகளை விளக்கும் நடைமுறைக் குறிப்பேடும் 2022 அக்டோபரில் வெளிவந்தது. 2004இல் நூறாயிரம் ஊழியருக்கு 4.9ஆக இருந்த மரண விகிதம் 2023இல் 0.99ஆகக் குறைந்தது, 2020ஐ விடுத்தால் முதன்முறையாக அது ஒன்றுக்குக் கீழே இறங்கிற்று. எனினும், 2024இல் 43 பேர் உயிரிழக்க, விகிதம் 1.2ஆக மீண்டும் ஏறியது. எட்டிய உயரம் தானே நிலைத்துவிடுவதில்லை என்பதற்கு இது சான்று.

மலேசியாவில் 2022இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது; 1967ஆம் ஆண்டுச் சட்டம் அதே நாளில் நீங்கியது. முதலாளிக்கான அபராத உச்சவரம்பு 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. இயக்குநர், மேலாளர் முதலியோர்மீது தனித்தும் நிறுவனத்தோடு சேர்த்தும் வழக்குத் தொடுக்க வழி பிறந்தது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியரை உடைய, பாதுகாப்பு அதிகாரி கட்டாயமில்லாத இடங்களில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்கவேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. முன்னர்க் கண்ட தோட்டங்களின் வெற்றிடம் இதனால் ஓரளவு நிரம்புகின்றது. உடனடி ஆபத்து உண்டெனக் கருதும் ஊழியர், முதலாளி அதனை நீக்காதபோது அவ்விடத்தைவிட்டு விலகும் உரிமையும் இத்திருத்தத்தால் சட்டத்தில் இடம்பெற்றது. ‘நிறுத்துதல்’ என்னும் வினை, நூற்றாண்டு கடந்து, தொழிலாளியின் பக்கமாகச் சட்டத்துக்குள் நுழைந்தது எனலாம்.

சொல்லும் பொருளும்

இவ்விடத்தில் தமிழாசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் கருதவேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ‘ஆஃபிசர்’ என்னும் சொல் பதவி வகிப்பவரைக் குறிப்பது. மலாயில் ‘பெகாவாய்’ என்பதும் அத்தகையதே. தமிழில் நாம் வழங்கும் ‘அதிகாரி’ என்னும் சொல்லோ தன்னுள் ‘அதிகாரம்’ என்பதைச் சுமந்து நிற்கின்றது. பாதுகாப்பு அதிகாரி என்று கேட்கும் தொழிலாளி, ஆணையிட வல்லவர் ஒருவர் இருக்கின்றார் என்று நம்புவது இயல்பே. சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர்க்கான பாதுகாப்புப் பயிற்சிகளும் சுவரொட்டிகளும் தமிழிலும் வழங்கப்படுகின்றன. தமிழகத்திலிருந்து வந்து சாரத்தில் ஏறும் இளைஞன் தன் உயிரைப் பற்றிய சொற்களை அவற்றின் வழியாகவே முதன்முதலில் கற்கின்றான். அச்சொற்கள் அவனுக்கு மெய்யான படத்தைக் காட்ட வேண்டும்.

பெயரை மாற்றவேண்டும் என்பது நம் வாதமன்று. அது வழக்கில் வேரூன்றிவிட்டது. ஆனால், கற்பிக்கும்போது, ‘பாதுகாப்பு அதிகாரி ஆபத்தைக் கண்டு சொல்பவர், அதனை நீக்கவேண்டியவர் உன் முதலாளி’ என்னும் ஒரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்லுதல் இன்றியமையாதது. அவ்வாக்கியம் தெரிந்தவன் யாரிடம் முறையிடவேண்டும் என்பதையும் அறிவான்.

முடிவுரை

கொதிகலனில் தொடங்கிய சட்டம், தொழிற்சாலை வழியாக, இன்று இயக்குநர் வாரியத்தின் அறை வரை சென்றுள்ளது. அப்பயணத்தின் ஒவ்வொரு படியும் உயிர்களால் விலை கொடுக்கப்பட்டது. இடையில் தோன்றிய பாதுகாப்பு அதிகாரி இவ்வரலாற்றில் இன்றியமையாதவர். அவர் எழுதும் அறிக்கையே பின்னர், ‘எமக்குத் தெரியாது’ என்று மேலிடம் கூற இயலாதவாறு தடுக்கின்றது. அவரது சிறப்பு அதிகாரத்தில் இல்லை, அந்தச் சாட்சியத்தில் உள்ளது.

ஆதலால், விபத்துக்குப்பின் ‘பாதுகாப்பு அதிகாரி எங்கே இருந்தார்?’ என்று கேட்பது தவறன்று. அதனோடு நின்றுவிடுவதே தவறு. அவர் என்ன சொன்னார், யாரிடம் சொன்னார், கேட்டவர் என்ன செய்தார் என்னும் மூன்று வினாக்களையும் தொடர்ந்து கேட்டால்தான் பொறுப்பேற்பு தன் உரிய இடத்தைச் சென்றடையும்.